பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்

கும்பகோணம், மாயூரம் பக்கத்துத் தெருக்களிலும், செட்டிநாட்டுக் கிராமங்களிலும், சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளிலும், மூன்று நான்கு தலைமுறைகளைக் கண்ட வீடுகள் இன்றும் பல நிற்கின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் குடியேற எண்ணுகிறவர்களும், வயதான பெற்றோரைச் சௌகரியமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளைகளும், அவ்வீடுகளைப் பழுதுபார்த்துப் புதுக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆவலோடு, தை பிறந்ததும் கொத்தனாரைத் தேடிப் புறப்படுகிறார்கள். அந்த ஆவல் போற்றத்தக்கதே. ஆயினும், கடப்பாரை சுவரைத் தொடுவதற்கு முன்பு செய்து முடிக்கவேண்டிய ஆயத்தங்களே இந்தக் காரியத்தில் பாதி என்பதை அறியாமல் வேலையைத் தொடங்கியவர்கள், பணத்தையும் நிம்மதியையும் இழந்ததோடு, திரும்பக் கிடைக்காத நல்ல சுவர்களையும் தளங்களையும் இழந்து நிற்பதைப் பல ஊர்களில் காண்கிறோம்.

முதலில் அறியவேண்டியது, நம் வீடு எதனால் கட்டப்பட்டது என்பது. இன்று நாம் வாங்கும் போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்றது 1824-இல். நம் நாட்டில் குஜராத்தின் போர்பந்தரில் அதன் உற்பத்தி தொடங்கியது 1914-இல். நம் கிராமங்களின் கொத்துவேலைக்குள் அது பரவலாக நுழைய அதற்குப் பிறகும் பல காலம் பிடித்தது. ஆகையால் அதற்கு முந்திய வீடு என்றால், அது பெரும்பாலும் சுண்ணாம்பு வீடு என்றே கொள்ளலாம். அதன் செங்கல்லை இணைத்திருப்பது நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்து. அதன் மாடித் தளமோ ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக்காரர்கள் இன்றும் சொல்லும் முறையில் அமைந்தது. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சுமார் ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக, சாய்ந்த வரிசைகளில் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டைகளால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். செட்டிநாட்டில் சுவர்ப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவையும் சேர்த்து, பளிங்குபோல் தேய்த்து மெருகேற்றினார்கள்.

இந்த விவரத்தை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தைச் சிறிது ஏற்று, அதைத் தன் மேற்பரப்பின் வழியாகவே ஆவியாக வெளியிட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்டைக் கனமாகப் பூசிவிட்டால், வியர்க்கும் உடம்பில் ரப்பர் உறையைப் போர்த்தியதுபோல, உள்ளே ஏறிய ஓதம் வெளியேற வழியின்றி மேன்மேலும் ஏறி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் புதுப் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடுகிறது. அது விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. சுண்ணாம்பு வீட்டைச் சுண்ணாம்பு கொண்டே பழுதுபார்ப்பது என்ற ஒரு தீர்மானத்தை முதலிலேயே செய்துகொண்டால், பின்னால் வரக்கூடிய நஷ்டங்களில் பெரும்பகுதி தானே விலகிப்போகும். ஆகவே, ஆளை அமர்த்துவதற்கு முன், சுண்ணாம்பை நீற்றவும் தளம் அடிக்கவும் அறிந்த கொத்தனார் யார் என்று விசாரித்து, அவர் செய்து முடித்த வேலை ஒன்றை, முக்கியமாக ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வேலையை, நேரில் சென்று பார்ப்பது உசிதம்.

அடுத்தது பரிசோதனை. இதற்கு மிகச் சிறந்த பருவம், வேலை செய்ய முடியாத ஐப்பசி, கார்த்திகை மாதங்களே. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது வீட்டுக்குள் நின்று பார்த்தால், எந்தக் கட்டையின் முனையில் நீர் இறங்குகிறது, எந்தச் சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறுகிறது, முற்றத்து நீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் தாமே வெளிப்படும். அவற்றைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். மாடியில் நீர் நிற்பதற்குக் காரணம் பல சமயங்களில் அடைபட்ட தூம்புவாய் ஒன்றாகவே இருக்கும். அதைச் சுத்தம் செய்தால் தீரக்கூடிய குறைக்காகத் தளத்தையே பெயர்த்தவர்கள் உண்டு.

சுவரில் வெடிப்பு இருந்தால், அது பழைய வெடிப்பா, இன்னும் வளர்கிறதா என்று அறிவது அவசியம். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டுச் சில மாதங்கள் கவனிப்பது பழைய பொறியாளர்கள் கையாண்ட எளிய உபாயம். கண்ணாடி முழுசாக இருந்தால் வெடிப்பை அடைத்துவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள், அப்போது அனுபவமுள்ள கட்டடப் பொறியாளரின் ஆலோசனையின்றி ஒரு செங்கல்லையும் அசைக்கலாகாது. மரத்தை மேலெழப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. கட்டையின் நடுப்பகுதி வைரமாக இருந்தும், சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தால் மக்கியிருக்கலாம். ஆகவே முனைகளைத் தட்டி ஓசை கேட்டும், கூரிய கம்பியால் குத்தியும் சோதிக்கவேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் அந்த அளவுக்கு வெட்டிப் புது மரம் இணைக்கத் தெரிந்த ஆசாரிகள் இருக்கிறார்கள். கரையான் புற்றின் தடம், சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, குடிநீர்க் குழாய், கழிவுநீர் செல்லும் பாதை, மின்கம்பிகளின் வயது ஆகியவற்றையும் இந்தப் பரிசீலனையில் விட்டுவிடக் கூடாது.

பரிசோதனை முடிந்ததும், வீட்டை அளந்து வரைபடம் ஒன்றைத் தயாரிக்கவேண்டும். ஒவ்வோர் அறையின் நீள அகல உயரமும், சுவரின் கனமும், நிலை, ஜன்னல்களின் அளவும் அதில் இடம்பெறவேண்டும். எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். கழற்றப்போகிற கதவு, தூண், உத்தரம், தரைக்கல் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, அதே எண்ணை வரைபடத்திலும் எழுதிவிட்டால், வேலை முடியும் தறுவாயில் எது எங்கே இருந்தது என்ற குழப்பம் நேராது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகத்துக்குச் சென்றால், இடிபட இருந்த பழைய வீடுகளை அவை நின்ற ஊர்களிலேயே பகுதி பகுதியாகப் பிரித்து, அங்கே கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருப்பதைக் காணலாம். ஒரு முழு வீட்டையே ஜாக்கிரதையாகக் கழற்றிப் பூட்டிவிட முடியுமானால், நம் வீட்டுத் திண்ணைத் தூண் இரண்டைக் காப்பது அசாத்தியமான காரியம் அல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், கலைத்த வீடுகளின் நிலைகளும் தூண்களும் நல்ல விலைக்குப் போகின்றன; அவசரத்தில் விறகாகக் கருதி ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுகிற மரத்தின் மதிப்பை வீட்டுக்காரர் அங்கே அறிந்துகொள்ளலாம்.

வீட்டின் நிலையை அறிந்தபின், வீட்டில் வசிப்போரின் தேவையை ஆராயவேண்டும். குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து, செய்தே தீரவேண்டியவை, செய்தால் சௌகரியமானவை, அலங்காரத்துக்கானவை என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. ஒழுகும் தளமும், பழைய மின்கம்பிகளும், கொல்லையில் இருக்கும் கழிப்பறையும் முதல் வகையைச் சேர்ந்தவை. முதியோர் உள்ள வீட்டில், அவர்கள் படுக்கும் அறைக்குப் பக்கத்திலேயே வழுக்காத தரையும் கைப்பிடிக் கம்பியும் கொண்ட கழிப்பறை அமைவது எல்லாவற்றிலும் பெரிய அலங்காரம். ஆனால் அதை மரக்கட்டைத் தளத்தின் மேல்மாடியில் அமைக்க நினைப்பது ஆபத்தானது. தண்ணீர்த் தொட்டியும் அப்படியே: ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன், அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழிருந்து எழும் கனச் சுவர்கள் தாங்கும்படி இரும்பு உத்தரங்களின்மேல் நிறுத்தவேண்டும்.

தஸ்தாவேஜுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பூர்வீக வீடானால், பங்காளிகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்ற பிறகே செலவு செய்யவேண்டும்; பொதுச்சுவர் இருந்தால் பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டிப் பேசிவிடவேண்டும். அறையோ மாடியோ கூடுதலாகக் கட்டுவதாக இருந்தால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி அனுமதி பெறவேண்டும். எந்த வேலைக்கு அனுமதி தேவை என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம். 2003 முதல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடி நீரைக் கிணற்றுக்கோ உறைகுழிக்கோ கொண்டு சேர்க்கும் குழாயை இந்தச் சந்தர்ப்பத்திலேயே சேர்த்துவிடலாம்.

இனி, பணம். மேஸ்திரி வாய்மொழியாகச் சொல்லும் ஒட்டுமொத்தத் தொகையை நம்பி இறங்குவது இந்த விஷயத்தில் சர்வ சாதாரணமான தவறு. தளம் இத்தனை சதுரம், பூச்சு இத்தனை சதுர அடி, மின்விளக்கு முனைகள் இத்தனை என்று வேலையை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் எழுதிய மதிப்பீட்டை இரண்டு மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிடவேண்டும். நூறு சதுர அடி ஒரு சதுரம் என்றும், மணலும் ஜல்லியும் நூறு கன அடி ஒரு யூனிட் என்றும் நம் பக்கத்தில் கணக்கு. லாரியில் வந்து இறங்கும் யூனிட்டை அளந்து வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை. கூலி மட்டுமா, பொருளும் சேர்ந்ததா என்பதும், எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு தொகை என்பதும், இடிபட்ட பழைய பொருள் யாருக்குச் சொந்தம் என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கவேண்டும். முன்பணம் வேலையைத் தாண்டி ஓடக்கூடாது; கடைசித் தவணையைக் குறைகள் சரிசெய்யப்பட்ட பின்பே கொடுக்கவேண்டும். பழைய வீட்டில் பூச்சை உரித்த பிறகே தெரியவரும் பழுதுகள் உண்டாதலால், மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவது விவேகம்.

வேலையின் வரிசையும் காலமும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படவேண்டியவை. மேலிருந்து கீழே வருவது முறை: முதலில் கூரையும் தளமும், பிறகு சுவர்ப் பழுது, அதன்பின் குழாயும் மின்கம்பியும், பிறகு பூச்சு, தரை, கதவு ஜன்னல், கடைசியில் வர்ணம். சுவருக்குள் நீளக் குடைந்து கம்பிகளைப் புதைத்தால் பழைய சுவர் பலவீனப்படும். சுவரின்மேலேயே நேர்த்தியாகக் குழாய் பதித்துக் கொண்டுபோகலாம். நிலத்தொடர்பு சரியாக அமைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்திக்கொண்டால் ஈரச் சுவரில் உயிர்ச்சேத அபாயம் வெகுவாகக் குறையும். மழை ஓய்ந்த தை மாதத்தில் தொடங்கினால், கத்திரி வெயில் ஈரத்தை உறிஞ்சி வெடிக்கவைப்பதற்குள் தளவேலை முடிந்துவிடும். சுவர் நன்றாக உலர்ந்த பிறகு, ஆடி ஆவணிக்குள் வர்ண வேலையும் நிறைவேறும். சிமென்ட் தேவைப்படும் இடங்களுக்கு அவ்வப்போது வாங்குவதே சரி. மூன்று மாதம் கிடந்த மூட்டை தன் வலிமையில் கணிசமான பங்கை இழந்திருக்கும். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த பழைய தரை இருந்தால், அதன்மேல் சாந்து குழைக்காமலும் ஆசிட் ஊற்றாமலும் காக்க, வேலை தொடங்குமுன்பே சாக்கு விரித்து மூடிவிடவேண்டும்.

தூசியும் சத்தமும் நிறைந்த வீட்டில் முதியோரும் குழந்தைகளும் வசிப்பது ஆகாது. அக்கம்பக்கத்தில் தற்காலிக ஜாகை பார்ப்பதும், அதன் வாடகையை மதிப்பீட்டிலேயே சேர்ப்பதும் ஆயத்தத்தைச் சேர்ந்தவையே. கொல்லைப்புறத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது. உடைக்காமலும் அறுக்காமலும், நீர் தெளித்து, முகமூடி அணிந்து முழுதாக இறக்கும்படி தொழிலாளருக்குச் சொல்லவேண்டும். இடிபாடுகளை ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டுவது சட்டத்துக்கும் ஊருக்கும் செய்யும் துரோகம். பழைய செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கினால் நம் தளத்துக்கே அது பயன்படும்.

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் பல, பழுதாகிப் போனதைவிட, ஆராயாமல் பழுதுபார்க்கப்பட்டதால் அழிந்திருக்கின்றன. ஆகையால், இந்தத் தையில் கடப்பாரை எடுக்க எண்ணியிருக்கும் அன்பர்கள், ஒரு பருவமழை முழுவதும் பொறுத்திருந்து வீட்டைப் பாருங்கள், அளந்து எழுதுங்கள், சுண்ணாம்பு அறிந்த கையைத் தேடிப் பிடியுங்கள், அடுத்த தையில் தொடங்குங்கள். அந்த ஓராண்டுப் பொறுமைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் நன்றி சொல்வார்கள்.