புனே, மிரஜ், சிங்கப்பெருமாள் கோவில்

ரயில்வேயில் ரிடையர் ஆனவனுக்குப் பாஸ் கிடைக்கும். கூட வர ஆள் கிடைக்க வேண்டுமே! அந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவன். "பத்திரிகையில என் பேரைப் போட்டீங்கன்னா அடுத்த தடவை வரமாட்டேன் சார்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நண்பர் என்றே எழுதுகிறேன்.

இருவரும் ஒரே டீசல் ஷெட்டில் இருந்தோம். அவர் ஃபிட்டர், நான் அவருக்கு மேலே எஞ்சினீயர். எஞ்சின் ஓடும்போது அருகில் நின்று காது கொடுத்துவிட்டு, பதினாறு சிலிண்டரில் எது மக்கர் செய்கிறது என்று சொல்லுவார். சரியாகவே இருக்கும். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்து வீட்டு மராத்திக்காரரின் ரேடியோவில் ஹிந்துஸ்தானி கேட்டே அந்தக் காது பழகியதாம். நானோ மாட்டுங்கா சபாவைத் தாண்டாதவன். வடக்கத்தியார் பாட்டு என்றால் வெறும் இழுவை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

1994 டிசம்பரில் அவர்தான் என்னைப் புனேக்கு இழுத்துக்கொண்டு போனார். பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வர் நினைவாக 1953-ல் தொடங்கிய விழா. போகும் வழியில் கர்ஜத்தில் இறங்கி, வண்டிக்குப் பின்னால் பாங்கர் எஞ்சின்களை மாட்டுவதை வேடிக்கை பார்த்தோம். போர் காட் ஏற்றம் 37-க்கு 1. பின்னாலிருந்து தள்ளாமல் வண்டி ஏறாது. 1863-ல் போட்ட பாதை அது! எங்களைப் போன்றவர்களுக்கு இதுவும் ஒரு க்ஷேத்திரம்தான்.

பகலில் ராஜா கேள்கர் மியூசியம். மறைந்த மகன் பெயரில் ஒருவர் தனியாளாகச் சேர்த்த பொருட்கள். விளக்குகள், வாத்தியங்கள், விதவிதமான பாக்குவெட்டிகள். பாக்குவெட்டி அலமாரியை விட்டு என்னை நகர்த்த அவர் பட்ட பாடு!

கடைசி நாள் கச்சேரி இரவு முழுக்க. ஒரு மைதானத்தில் ஜமுக்காளம் விரித்து, மப்ளர் சுற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தந்த வேளைக்குரிய ராகம் அந்தந்த வேளையில் வந்தது. நள்ளிரவு ராகங்கள் போய் விடியற்கால ராகங்கள் வந்தபோது, உண்மையாகவே கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அன்றுதான் விஷயம் பிடிபட்டது. முடிவில் சவாய் கந்தர்வரின் பழைய இசைத்தட்டிலிருந்து பைரவியைப் போட்டார்கள். (பேர்தான் பைரவி, ஸ்வரங்கள் நம் தோடிக்குரியவை.) அதைக் கேட்காமல் யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்று அந்த விடிய விடியக் கச்சேரி இல்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது; வருஷத்தில் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை சலுகை தரலாம். விதி நியாயமானதுதான். இருந்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அன்று திரும்பும் வண்டியில் நண்பர் கேட்டார்: "சவாய் கந்தர்வரோட குரு அப்துல் கரீம் கான் எங்க செத்துப் போனார் தெரியுமா சார்? நம்ம பக்கத்துல. ரயில்வே பிளாட்பாரத்துல!"

எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கிரானா பாணியின் பெரும் கலைஞர் அவர். தெற்கே வந்து பழகி, தியாகராஜ கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினார். அங்கேயே உயிர் பிரிந்தது. அடக்கம் செய்தது மிரஜில். "ரெண்டு இடத்தையும் பார்த்துடணும் சார்" என்றார் நண்பர்.

மிரஜ் போவதற்கு 2019 ஆகிவிட்டது. அதற்குள் இருவரும் ரிடையர் ஆகியிருந்தோம். அவருக்கு இரண்டு காதிலும் மெஷின். மிரஜ், அகலப்பாதை, மீட்டர் பாதை, குறும்பாதை மூன்றும் ஒரு காலத்தில் சந்தித்த ஜங்ஷன். தர்காவில் கான் சாகேபின் சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தம்பூரா செய்கிறவர்களின் தெருவுக்குப் போனோம். முற்றிய சுரைக்காயைக் குடைந்து, காயவைத்துக் குடம் செய்கிறார்கள். நுட்பமான வேலை கடைசியில்தான். தந்தி உரசிக்கொண்டே அதிரும்படி குதிரையை இழைக்க வேண்டும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூல் சரியான இடத்தில் நின்றதும் குபீரென்று ரீங்காரம் கிளம்புகிறது.

கடைக்காரர் மீட்டினார். நண்பர் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "கும்முன்னு வருது சார். ரீங்காரம் மட்டும் வரல" என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஏனென்று சொல்கிறேன். ரிப்பேர் முடிந்த எஞ்சினை லோட் பாக்ஸில் மாட்டி எட்டாவது நாட்சில் ஓட்டிப் பார்ப்போம். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. இரைச்சலால் காது கெடும்போது முதலில் போவது உயர்ந்த ஸ்தாயிதான். காதுக்கவசங்கள் ஸ்டோர் அலமாரியில் பெட்டியோடு இருந்தன. போட்டால் சத்தத்தின் வித்தியாசம் தெரியாது என்று நண்பர் போடமாட்டார். கட்டாயப்படுத்த வேண்டியவன் நான். செய்யவில்லை. அவர் காதால் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு வேலை சீக்கிரம் முடியும், அதுதான் உண்மை.

அன்று ராத்திரி லாட்ஜில் இதை அவரிடம் சொன்னேன். "விடுங்க சார். நீங்க சொல்லியிருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன்" என்றார். அவர் பெருந்தன்மை அது. என் கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை.

2024 டிசம்பரில் சென்னை சீசனுக்குப் போனோம். ஒரு காலை, சபா கேன்டீனில் பொங்கலை முடித்துக்கொண்டு மாம்பலத்தில் செங்கல்பட்டு மின்சார வண்டியைப் பிடித்தோம். மறைமலை நகருக்கு அடுத்த ஸ்டேஷன். குடைவரைக் கோயிலில் நரசிம்மரைச் சேவித்துவிட்டு மறுபடி பிளாட்பாரத்துக்கு வந்தோம். 1937-ல் இங்கே மீட்டர் கேஜ். பிளாட்பாரம் வேறு மாதிரி இருந்திருக்கும். எந்த இடம் என்று யாரைக் கேட்பது? நண்பர் ஒரு சிமெண்ட் பெஞ்சைக் காட்டி, "இங்கன்னே வச்சுக்குவோம்" என்று உட்கார்ந்தார்.

ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்து போனது. வழக்கம்போல மெஷின்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைப் பெஞ்சில் வைத்தார். வண்டி போன பிறகும் எடுக்கவில்லை. தொடையில் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தார். என்ன ராகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் காதில் விழுந்திருக்காது. சென்னை திரும்பும் வண்டிகள் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம்.