மங்கினாலும் நடுங்காத ஒளி

மண்டபம், மருத்துவமனை, கடைத்தெரு என எங்கு நோக்கினும் இன்று எல்.ஈ.டி. விளக்குகளே ஒளிர்கின்றன. மின்சாரச் செலவு குறைவு, ஆயுளோ அதிகம். ஆயினும் அவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை பிழையாக அமைந்துவிட்டால், பார்ப்பவரின் கண்ணும் தலையுமே அத்துன்பத்தை அனுபவிக்க நேரிடும்.

எல்.ஈ.டி.யின் சுபாவம் குண்டு பல்பினின்றும் வேறுபட்டது. மின்னழுத்தம் சற்றே ஏறினாலும் அதனூடே பாயும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகிவிடும். விளக்கு சூடேறினால் இன்னும் பெருகும். எனவே மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்க ஒரு காவற்காரன் தேவை. டிரைவர் சில்லு என்பது அதுவே.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எல்.சி. 5940 என்னும் சில்லை உதாரணமாகக் கொள்ளலாம். இது 16 விளக்குகளைத் தனித்தனியே கட்டுப்படுத்துவது. இதன் ஒரு முனை 1.24 வோல்ட்டில் நிற்கும். அம்முனையில் இணைக்கும் மின்தடையின் வழியே ஓடும் சிறு மின்னோட்டத்தின் 31.5 மடங்கே ஒவ்வொரு விளக்குக்கும் உச்ச அளவாகும். 2,000 ஓம் மின்தடையை வைத்தால், விளக்கொன்றுக்குச் சுமார் 19.5 மில்லி ஆம்பியர் கிடைக்கும்.

48 விளக்குகள் கொண்ட பலகைக்கு மூன்று சில்லுகள் வேண்டும். இங்கேதான் சிக்கனம் கருதிச் சிலர் மூன்று சில்லுகளுக்கும் ஒரே மின்தடையைப் பொதுவாக இணைத்துவிடுகின்றனர். மூன்று முனைகளும் இம்மியும் பிசகாது ஒரே அழுத்தத்தில் நிற்பதில்லை. சற்று உயர்ந்து நிற்கும் சில்லே மின்தடையின் சுமை முழுவதையும் ஏற்க, அதன் விளக்குகள் மிகையாக எரியும், மற்றவை மங்கும். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரே அளவுள்ள, ஒரு சதவீதத் துல்லியமுடைய தனித்தனி மின்தடை வைப்பதே முறை.

அடுத்தது ஒளியைக் குறைத்தல். மின்னோட்டத்தையே குறைத்தால் நிறம் சற்று மாறக்கூடும். ஆதலால் இச்சில்லு மின்னோட்டத்தை மாற்றாமல், விளக்கை மிக வேகமாக ஏற்றி அணைத்து, எரியும் நேரத்தை 4096 படிகளில் கூட்டிக் குறைக்கிறது. மூன்று சில்லுகளுக்கும் ஒரே கடிகாரத் துடிப்பையும் ஒரே தொடக்கக் குறியையும் கொடுத்தால் அனைத்தும் ஒன்றாகவே மங்கும். நம் கண்ணுக்குப் பாதி ஒளியாகத் தோன்றுவது உண்மையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

இந்த ஏற்றி அணைத்தலின் வேகம் மிக முக்கியமானது. வினாடிக்கு 3 முதல் 70 தடவை வரையிலான துடிப்பு, ஒளியால் வலிப்பு வரும் இயல்புடையோருக்கு ஆபத்தானது. கண்ணுக்குப் புலப்படாத துடிப்பும் துன்பம் தரலாம். 1989இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அலுவலகக் குழல் விளக்குகளின் துடிப்பை மிக வேகமானதாக மாற்றியபோது தலைவலியும் கண் களைப்பும் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. 2015இல் வெளிவந்த ஐ.ஈ.ஈ.ஈ. 1789 என்னும் வழிகாட்டி, முற்றாக அணைந்து எரியும் விளக்குக்கு வினாடிக்கு 1,250 தடவைக்கு மேற்பட்ட துடிப்பைக் குறைந்த ஆபத்துடையதாகக் கொள்கிறது. 4096 படிகளுடன் அவ்வேகத்தை எட்ட, சில்லுக்கு வினாடிக்கு 51 இலட்சத்து 20 ஆயிரம் கடிகாரத் துடிப்புகள் தேவை. அது இச்சில்லினால் எளிதில் இயலக்கூடியதே.

விளக்கு அமைப்போரிடம் அன்பர்கள் இரு கேள்விகள் கேட்கலாம்: சில்லுக்கொரு மின்தடை உண்டா? துடிப்பின் வேகம் என்ன? ஒளியைக் குறைத்து வைத்து, அதன் முன் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டிப் பார்ப்பதும் நன்று. பென்சில் பல பென்சில்களாகத் தனித்தனியே தெரிந்தால் விளக்கு துடிக்கிறது என்று அறியலாம். ஒற்றைத் தலைவலி உடையோரும் குழந்தைகளும் நெடுநேரம் அமரும் இடமாயின், அதனைச் சரிசெய்த பின்னரே விளக்கை ஏற்றுக்கொள்வது நலம்.