சூட்டில் நகரும் முள்

ஓமலூரிலிருந்து தருமபுரிக்குப் போகிறவர்கள், தொப்பூர் கணவாய் ஏற்றத்துக்கு முன்னால் பெட்ரோல் முள்ளை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். எங்கள் அம்பாசிடரில் டேங்க் நிரம்பியிருந்தும் அந்த முள் ஒருநாள் காலியில் படுத்துவிட்டது. இந்த வண்டியின் உற்பத்தியே 2014ல் நின்றுபோனது. பழைய மீட்டரைத் தூக்கிப்போடும் முன் கோளாறு எங்கே என்று தேடினேன்.

சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல ஊர்ந்து ஏறினால், அந்த மீட்டருக்குள் ஒரு குட்டி அடுப்பு இருக்கிறது என்று பொருள். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு. அதன்மேல் மெல்லிய கம்பிச் சுற்று. கம்பி சூடானால் தகடு வளையும், முள் நகரும். டேங்கில் மிதவை உயர்ந்தால் மின்தடை குறைந்து, மின்னோட்டமும் சூடும் கூடும். சூடு ஏற நேரம் பிடிப்பதால், மேடுபள்ளத்தில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாது.

இத்தகைய தகடுகளில் குறைவாக விரியும் பக்கத்துக்கு ஏற்றது இன்வார். இரும்போடு சுமார் 36 சதவீதம் நிக்கல் சேர்ந்த இந்தக் கலவையை 1896ல் கண்டறிந்த சார்ல் கியோமுக்கு 1920ல் நோபல் பரிசு கிடைத்தது.

பேட்டரியின் வோல்டேஜ் ஏறி இறங்கினால் கணக்கு தப்புமே? அதற்குத்தான் ஸ்டெபிலைசர். மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட்டில் வைத்திருக்கும். பெட்ரோல் முள், எஞ்சின் சூட்டு முள் இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

என் வண்டியில் சூட்டு முள் சரியாக இருந்தது. மீட்டரின் பின்னால் டேங்க் வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையை ஒரு துண்டு வயரால் பாடியோடு சில நொடி மட்டும் தொட வைத்தேன். முள் எழுந்தது, உடனே எடுத்துவிட்டேன். அதிக நேரம் வைத்தால் கம்பி கருகிவிடும்.

மீட்டர் நல்லது என்றால் கோளாறு டேங்க் பக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், ஒரு பொறி போதும். அதனால் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டே அங்கே கை வைத்தேன். டேங்கைத் திறக்கும் வேலை என்றால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. எனக்கு அந்த அவசியம் வரவில்லை. மிதவையின் எர்த் வயர் பாடியோடு சேரும் திருகில் செந்துரு அப்பியிருந்தது. உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, திருகை இறுக்கினேன்.

பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினேன். காலியில் கிடந்த முள் அவசரமில்லாமல் ஏறி, நிரம்பிய கோட்டில் போய் நின்றது.