கதவைச் சாத்திய சபை

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தார் பொல்லாத பிடிவாதக்காரர்கள்! அவ்வூர்ப் பத்திரிகாசிரியர் விக்டர் பெர்கரை 1910-ல் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினார்கள். சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து அங்கே நுழைந்த முதல் மனிதர் அவர்தான். முதியோருக்கு உபகாரச் சம்பளம் கேட்டு 1911-ல் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார்.

பிறகு யுத்தம் வந்தது. அதைக் கண்டித்து எழுதியதற்காக அவர்மீது வழக்கு. வழக்கு நடக்கும்போதே 1918-ல் ஜயித்தார்! 1919-ல் 20 வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. சபையும் அவரை ஏற்க மறுத்தது. அவ்வருஷமே நடந்த உப தேர்தலில் ஜனங்கள் மீண்டும் அவரையே அனுப்பினார்கள். சபை மீண்டும் கதவைச் சாத்தியது!

1921-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. 1922-ல் மறுபடியும் ஜயித்தார். இம்முறை ஆசனம் கிடைத்தது.

1929-ல் பெர்கர் காலமானார். முதியோர் உபகாரச் சம்பளம் 1935-ல் சட்டமாயிற்று.