வாத்தியாருக்கு ஒரு வாத்தியார்

தியாகராய நகர் ஆற்காடு தெருவில் உள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தைக் கண்டு வந்தோர் நம்முள் பலர் இருக்கலாம். ரசிகர்கள் அவரை 'வாத்தியார்' என்றே அழைத்து மகிழ்ந்தனர். அந்த வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் திரையில் அசட்டு வேலைக்காரனாக வந்து அனைவரையும் சிரிக்க வைத்த காளி என். ரத்தினம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

'காளி' என்பது வீட்டில் இட்ட பெயரன்று. மேடையில் காளி வேடம் புனைந்து பெற்ற புகழ் பெயருடன் ஒட்டிக்கொண்டது.

அந்நாளில் பாய்ஸ் கம்பெனி என்னும் நாடகக் குழுக்கள் இருந்தன. சிறுவர்கள் அங்கேயே தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் ஆடலும் கத்திச் சண்டையும் பயின்றனர். பெண் வேடமும் அவர்களுடையதே! நம் பள்ளி ஆண்டு விழாவில் நாம் மீசை ஒட்டிக்கொண்டு அரசராக நிற்கிறோம் அல்லவா? அங்கே நேர்மாறு. குரல் உடையும் வயதில்தான் அச்சிறுவர்களுக்குச் சோதனை. நேற்றுவரை பாடிய பாட்டு இன்று வராது. கிடைத்த வேடமும் கைநழுவிப் போகும்.

1917இல் இலங்கையில் பிறந்த எம்.ஜி.ஆர்., தந்தையை இழந்த வறுமையால் பள்ளியை விட்டு, அண்ணன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நடிப்புச் சொல்லித் தந்தவர்களுள் ஒருவரே ரத்தினம். பசிக்காக வந்த பிள்ளைக்கு அதுவே பள்ளிக்கூடம் ஆயிற்று.

நாயகர்களைப் பழக்கிய ஆசிரியர் தாம் மட்டும் கோமாளி ஆவானேன் என்று கேட்கத் தோன்றும். எமக்கு இது வியப்பாகப் படவில்லை. சிரிப்பு நடிகருக்கே எதிராளியின் வசனம் முடியும் கணம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு எழாது. அதை அறிந்தவர் பிறருக்குக் கற்பிக்கத் தகுந்தவரே.

ஐயமிருப்போர் 1941இல் வெளிவந்த 'சபாபதி' படத்தைக் காணலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. டி.ஆர். ராமச்சந்திரன் எசமானர் சபாபதி. ரத்தினம் வேலைக்காரச் சபாபதி. அவருக்கு இணையாக சி.டி. ராஜகாந்தம் வருகிறார். எசமானர் மண்டு, வேலைக்காரனோ அதனினும் மண்டு! பார்க்கிறவர் கண் வேலைக்காரனை விட்டு அகலாது.

எம்.ஜி.ஆர். 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் தொடங்கி, 1947இல் 'ராஜகுமாரி'யில்தான் கதாநாயகர் ஆனார். ரத்தினம் 1950இல் மறைந்தார். மாணவர் முதலமைச்சரான 1977ஐ ஆசிரியர் காணவில்லை.