வெறும் மண்மேடுன்னு நினைக்காதீங்க... உள்ளே அரண்மனையே இருக்கலாம்!

காரமடை: ஊர் ஓரமாக ஒரு மண்மேடு கிடந்தால், "சும்மா கெடக்குற மண்ணு தானே, அள்ளுனா என்ன?" என்று கேட்பவர்கள் தான் அதிகம். ஆனால் கோட்டைமேடு, மாளிகைமேடு என்று பேர் வாங்கிய மேடுகளை அப்படி விட்டுவிட முடியாது.

கோவையில் பேர் மட்டும் மிச்சம்

கோவை உக்கடம் அருகே உள்ள கோட்டைமேட்டில் நிஜமாகவே ஒரு கோட்டை இருந்தது. 1791-ல் திப்பு சுல்தான் படை அதை முற்றுகையிட்டு, உள்ளே இருந்த ஆங்கிலேயர் படையை சரணடைய வைத்தது. அதன் பிறகு கோட்டை இடிக்கப்பட்டது. இன்று அங்கே தெருவும் வீடுகளும் தான். ஏரியா பேரிலும், கோட்டை ஈஸ்வரன் கோவில் பேரிலும் மட்டுமே கோட்டை இருக்கிறது.

தப்பிய மாளிகைமேடு

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் கதை வேறு. ராஜேந்திர சோழன் அமைத்த இந்த ஊர் சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகர். 1836-ல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்ட, இங்குள்ள பெரிய கோவிலின் மதில் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் பக்கத்தில் இருந்த மாளிகைமேடு முழுசாக அழியாமல் தப்பியது.

தமிழக தொல்லியல் துறை 1980-களிலும், மறுபடி 2021 முதலும் அங்கே தோண்டியது. அரண்மனையின் செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீன பானை ஓடு எல்லாம் வெளியே வந்தன.

ஜேசிபி வைத்தால் என்ன ஆகும்?

மண் அடுக்கடுக்காக படியும். கீழே போகப்போக காலம் பழசு. எந்த அடுக்கில் ஓடு கிடந்தது என்பதை வைத்து தான் அதன் வயசை கணக்கு போடுகிறார்கள். ஜேசிபி ஒரு தடவை வாரி டிப்பரில் கொட்டினால் எல்லாம் கலந்துவிடும். பிறகு அந்த ஓட்டை கையில் வைத்திருந்தாலும் அது எந்த காலம் என்று சொல்வது கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1966-ம் ஆண்டு தமிழக சட்டப்படி, பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் தோண்டினால் குற்றம். அறிவிக்காத மேடுகளுக்கு அந்த காவல் கிடையாது. அங்கே ஊர்க்காரர்கள் தான் காவல். மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் உள்ள சட்டம்.

சூளைக்கோ, வீட்டு வேலைக்கோ மண் எடுக்கும்போது பழைய செங்கல், பெரிய தாழி, காசு தென்பட்டால் வேலையை அப்படியே நிறுத்தி, வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும். அள்ளிய மண்ணை திரும்ப கொட்டலாம். கலைந்த அடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.