வேலை வண்டிக் குதிரைக்கு, மெடல் ஆபீசருக்கு!

சினிமா போலீஸ் 'லாடம் கட்டிடுவேன்' என்று மிரட்டி மிரட்டி, லாடம் என்றாலே நமக்கு அலறல்தான் ஞாபகம் வருகிறது. சரியாக அடித்தால் குதிரைக்கு அது வலிப்பதே இல்லை, சார். குளம்பின் வெளிச்சுவர் நம்ம நகம் மாதிரி, உணர்ச்சி கிடையாது. ஆணி கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால்தான் வம்பு. நொண்ட ஆரம்பித்துவிடும். வண்டி இழுக்கிற குதிரை நொண்டினால் அன்றைய பிழைப்பு போச்சு. நகம் வளர்கிறதே, அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும்.

இந்த லாடப் பட்டறையை மதித்துப் படம் போட்டவர் பிரான்ஸ் நாட்டு ஓவியர் தியோடர் ஜெரிகோ. 1791-ல் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. குதிரை என்றால் பைத்தியம்.

1812-ல், 21 வயசில், பாரிஸ் கண்காட்சிக்கு ஒரு பிரம்மாண்டமான படம் வைத்தார். நெப்போலியன் படை ஆபீசர், கையில் வாள், முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரை. தங்க மெடல் கிடைத்தது!

அந்தக் குதிரை எங்கே கிடைத்தது தெரியுமோ? போர்க்களத்தில் இல்லை. சான் க்ளூ சந்தைக்குப் போகிற ரோட்டில், வண்டியில் பூட்டியிருந்த ஒரு குதிரை மிரண்டுபோய் இரண்டு காலில் எழும்பி நின்றதாம். அதைப் பார்த்துத்தான் ஐடியா பிறந்தது என்பார்கள். உழைத்தது வண்டிக் குதிரை, பேர் வாங்கினது மேலே உட்கார்ந்த ஆபீசர். உங்க ஆபீசிலும் இப்படித்தானா?

1814-ல் நெப்போலியன் தோற்று எல்பா தீவுக்குப் போனார். அந்த வருஷ வாக்கில் ஜெரிகோ வரைந்தது என்ன? ஒரு லாடக்காரர் கடைக்கு போர்டு! கான்வாஸ்கூட இல்லை, மரப்பலகை. மெடல் வாங்கின கை, கடை போர்டு எழுதுகிறது. நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் மாமனார் மூன்று நாள் பேசமாட்டார்.

படத்தில் ஆபீசர் இல்லை. வாள் இருந்த இடத்தில் சுத்தியல். பக்கத்தில் கொழுத்த வேலைக் குதிரை ஒன்று அடங்காமல் திமிறுகிறது; கொல்லர் அசையாமல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நிற்பில் எந்தத் தளபதிக்கும் குறைவில்லை. மெடல் படத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது. முதுகில் யாரும் ஏறி உட்காராமல், குதிரை தன் சொந்தப் பேரில் நிற்கிறது.

1821-ல் லண்டனில் அச்சிட்ட படங்களிலும் அவர் லாடக்காரர்களை விடவில்லை. கரி வண்டிக் குதிரைகளையும் சேர்த்துக்கொண்டார். குதிரையிலிருந்து விழுந்த அடிகளும் நோயும் சேர்ந்து, 1824 ஜனவரியில் 32 வயசில் போய்ச் சேர்ந்தார்.

ஆபீசர் இப்போது பாரிஸ் லூவர் மியூசியத்தில். கடை போர்டு சூரிச் மியூசியத்தில், கண்ணியமாகச் சுவரில்.